சத்தமில்லாமல் உருண்ட விமானம்

நாமக்கல்லில் லாரி ஓட்டுகிற எனக்கு ஒரு பயம் உண்டு. இன்ஜின் அணைந்த வண்டி தானாக உருண்டால் என்னால் சும்மா நிற்க முடியாது. கிளீனராக இருந்த நாளிலிருந்தே அப்படித்தான். சக்கரத்துக்கு முன்னால் கட்டையைப் போட்டால்தான் மூச்சு வரும்.

போன மாதம் சேலம் பக்கம் ஒரு ஓடுதளத்துக்கு மோட்டார் பெட்டிகளை ஏற்றிப் போனேன். இறக்கிவிட்டு நிமிர்ந்தால், எதிரே ஒரு சின்ன விமானம் நகர்கிறது. மூக்கில் இருக்கிற விசிறி சுற்றவில்லை, சத்தமே இல்லை. கண்ணாடியில் வெயில் அடித்ததால் உள்ளே ஆளும் தெரியவில்லை. ஓரத்தில் இருந்த இன்ஜினியர்களோ கம்ப்யூட்டரில் மூழ்கியிருந்தார்கள்.

“பிரேக் புடிக்கலீங்க! வண்டி உருளுது!” என்று கத்திக்கொண்டே லாரிக் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி, முன்சக்கரத்துக்கு எதிரே குனிந்து போட்டேன். விமானம் நின்றது. நான்தான் நிறுத்தினேன் என்று நிமிர்ந்தேன்.

கதவைத் திறந்துகொண்டு பைலட் பெண் இறங்கி வந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

“ஏனுங்கண்ணா, சக்கரத்துலயே கரண்ட் மோட்டார் வெச்சு ஓட்டிப் பாக்கறோமுங்க. இன்ஜினே வேண்டாம். இப்படியா குறுக்க வந்து விழுவீங்க?”

“உள்ள ஆளில்லைன்னு நெனச்சுட்டனுங்க.”

“நான் உங்களத்தானுங்க பாத்துட்டே இருந்தேன். பாக்கலீன்னா?”

குனிந்து பார்த்தேன். கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. கட்டையைச் சக்கரம் தொடவே இல்லை.

அன்று லாரியை எடுக்க வெகுநேரம் ஆனது. இப்போதும் சத்தமில்லாமல் ஏதாவது நகர்ந்தால் கை கட்டையைத்தான் தேடுகிறது. ஆனால் கால் நகர்வதற்குள் கண் மேலே கண்ணாடிக்குப் போய்விடுகிறது, உள்ளே யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று.