புல்லுக்குள் போகும் விமானம்

கடையில் எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டு அசிங்கப்பட்டு வந்திருக்கேன்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகுகிறேன். அதை ஓட்டுற குச்சி, ஜாய்ஸ்டிக், ராஜபாளையத்தில் வாங்கினேன். எம்புட்டு சாய்த்தாலும் விமானம் ரன்வேயில் திரும்பாமல் புல்லுக்குள்தான் போகுது. "ஓட்டைச் சாமானைத் தலையில கட்டிட்டீகளே!" என்று இன்றைக்குத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

கடைக்காரர் மாட்டிப் பார்த்தார். நல்லாத்தான் இருந்தது.

"அண்ணாச்சி, நீங்க என்ன வண்டி ஓட்டுறீக?"

"லோடு வேன்."

"அதான். தரையில சாய்ச்சா ரெக்கைதான் அசையும். மூக்கு திரும்பணும்னா குச்சியத் திருகணும். நானும் ஆரம்பத்துல புல்லுலதான் மேஞ்சேன்."

வீட்டுக்கு வந்து திருகினேன். ஏறிவிட்டது! இறக்கும்போது நொறுங்கியது. மறுபடியும். மறுபடியும். இறக்கத் தெரிஞ்ச புண்ணியவான்கள் கமெண்ட்டில் சொல்லுங்கப்பா.

மகள் எட்டிப் பார்த்தாள். வேலைக்காக நாளைக்கு மதுரையில் விமானம் ஏறுகிறாள். எங்க வீட்டில் அவள்தான் முதல் ஆள்.

"இந்த வயசுல எதுக்குப்பா இந்த வெளாட்டு?"

"சும்மா, பொழுது போகணும்ல."

நீ ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது பத்திரமா இறக்கிப் பாத்துரணும் தாயி என்று மட்டும் சொல்லவில்லை.