மாவு மிஷினுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று யாராவது மிக்சிக்கும் கிரைண்டருக்கும் சந்தனத்தைக் குழைத்து அப்புவதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. நான் சாமி இல்லை என்று சொல்கிறவள் அல்ல. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறவள்தான். ஆனால் ஒரு மிஷினுக்கு எங்கே பொட்டு வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்வதற்குள் என்னைப் பிறந்த வீட்டுக்கு வண்டி ஏற்றிவிடப் பார்த்தார்கள்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்த சமயம். எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது தீபாவளி வரப்போகிறது. பிறந்தது குன்னம் பக்கம், வாழ்க்கைப்பட்டது அரியலூரை ஒட்டி ஒரு கிராமம். சீர்வரிசையில் பாத்திர பண்டங்களோடு என் அப்பா ஒரு மாவு மிஷினும் வைத்தார். திருச்சி கடைவீதியில் வாங்கியது. கரண்டு மிஷின் இல்லை, கையால் சுற்றுவது. தடித்த பலகைமேல் முடுக்கிய இரும்பு உடம்பு, மேலே தானியம் கொட்டப் புனல், பின்னால் கைப்பிடி, முன்னால் ஒன்றோடொன்று உரசி அரைக்கிற இரண்டு இரும்புத் தட்டுகள். அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் எந்திரக்கல்தான். என் மாமனார் வருகிறவன் போகிறவனையெல்லாம் உள்ளே கூப்பிட்டு, "எங்க வூட்டு மிஷினு பாத்தியா" என்று காட்டுவார். ஓடுகிறவரைக்கும் அது அவர் வீட்டு மிஷின். நின்ற அன்றைக்குத்தான் என் அப்பன் கொடுத்த மிஷினாக மாறியது.

கைப்பிடியின் தண்டு உடம்புக்குள் நுழைகிற இடம் கழுத்து மாதிரி புடைத்திருக்கும். என் அப்பா அதைத்தான் கழுத்து என்று சொல்லி, "வாரா வாரம் அதுல ரெண்டு சொட்டு வெளக்கெண்ணெ வுடும்மா" என்று சொல்லி அனுப்பியிருந்தார். மாமனாருக்கோ அது நெற்றி. மிஷின் வந்து இறங்கிய அன்றே அதில் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் இட்டார். பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பழைய பொட்டின்மேல் புதுப் பொட்டு. நானும் சொன்ன சொல் தவறாமல் எண்ணெய் விட்டேன். அது பொட்டின்மேல் உருண்டு, சிவப்பாக இரண்டு பக்கமும் வழிந்து பலகையில் இறங்கும். அதைத் துணியால் துடைப்பதும் என் வேலைதான்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மாமனார் தாராளமாகவே அப்பினார். அதற்கப்புறம் கைப்பிடி கனக்க ஆரம்பித்தது. மாமியாரிடம் சொன்னேன். "சோறு திங்கிற கைதானே, சுத்து" என்றார். சுற்றினேன். தீபாவளி முறுக்குக்கு அரிசி அரைத்துக்கொண்டிருந்தபோது கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டது. மை போடாத வண்டி அச்சு போடும் அதே சத்தம். அப்புறம் அசையவில்லை. புனல் நிறைய அரிசி, கீழே அரைப்படி மாவு, நடுவில் நான்.

வீட்டு ஆம்பிளைகள் பழுது பார்க்க வந்தார்கள். என் வீட்டுக்காரர் முன்னால் இருந்த திருகாணியை முடுக்கினார், தளர்த்தினார், மறுபடியும் முடுக்கினார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. மாமனார் பண்ணையாட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கைப்பிடியை இழுக்கச் சொன்னார். பலகைதான் நகர்ந்தது. சரி, கண்திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தார்கள். திங்கட்கிழமை மாமனார் சிறுவாச்சூருக்கே போய் அம்மனிடம் வேண்டிக்கொண்டு குங்குமம் வாங்கி வந்தார். வந்த குங்குமத்தை எங்கே வைத்தார்? அதே கழுத்தில், அதே பொட்டின்மேல். ஒருத்தராவது அந்தத் தண்டு ஏன் திரும்பவில்லை என்று குனிந்து பார்த்தார்களா என்றால் இல்லை.

அம்மனும் அசைக்கவில்லை என்றானதும் பழி போட ஆள் தேட ஆரம்பித்தார்கள். அந்த வீட்டில் மாமனார் மருமகளிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் இல்லை. என்னைப் பற்றிச் சொல்வதைத் தூணைப் பார்த்துச் சொல்வார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். பதில் இருந்தால் மாமியார் காதில் போட வேண்டும். அன்றைக்கும் தூணைப் பார்த்துத்தான் சொன்னார்.

"தூரமா இருந்தப்ப இவ தொட்டிருப்பா. தீட்டுப் பட்டதுதான் நின்னுபோச்சு. இல்லன்னா பூசை போட்ட மிஷினு எதுக்கு நிக்குது?"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. மாதாமாதம் அந்த மூன்று நாளும் என்னைக் கொல்லைக் கொட்டகையில் உட்கார வைக்கிறார்கள். அடுப்படி வாசலைக்கூட நான் எட்டிப் பார்க்க முடியாது. அங்கிருந்து எப்படித் தொட்டேனாம்? இதை மாமியாரிடம் சொன்னேன். அவர் காதில் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். என் வீட்டுக்காரர் அங்கேயே நின்று காது குடைந்துகொண்டிருந்தார். தூணாவது பரவாயில்லை, அதற்கு வாய் இல்லை.

மாமனார் என் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார். வண்டி கட்டிக்கொண்டு வந்து மிஷினையும் பெண்ணையும் அழைத்துப் போக வேண்டியது. நல்ல மிஷினாக வாங்கிக்கொண்டு அப்புறம் கொண்டுவந்து விட வேண்டியது. யுத்தத்துக்கு அப்புறம் அந்த மிஷின் திருச்சியில் எந்தக் கடையிலும் இல்லை என்பது மாமனாருக்கும் தெரியும். ஆகவே அந்த ‘அப்புறம்’ எப்போதும் வராது. எனக்கு இன்னும் பிள்ளை பிறக்கவில்லை என்ற பேச்சும் அந்த வீட்டில் அரசல்புரசலாக இருந்தது. அந்த வண்டியில் ஏறினால் நான் வாழாவெட்டி. குன்னத்தில் என் அப்பா தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

அன்று சாயங்காலமே நான் தூரமானேன். கொட்டகைக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் ஆளை விட்டு மிஷினையும் தூக்கிக்கொண்டு வந்து அதே கொட்டகையில் வைத்தார்கள். எப்படியும் தீட்டுப் பட்டது, கண்ணெதிரே இருக்க வேண்டாம் என்று மாமனாரின் உத்தரவு. ஒரு மூலையில் மாட்டுத் தீவனப் பருத்திக்கொட்டை, ஒரு மூலையில் நான், நடுவில் மிஷின்.

அழுதாயா என்று பின்னாளில் பலர் கேட்டிருக்கிறார்கள். நான் அழவில்லை. அவ்வளவு கோபத்தில் அழுகை வராது. அந்த மிஷினையே முறைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. அடுத்த மூன்று நாளைக்கு என்னை யாரும் நெருங்க முடியாது. இதை ஏன் தொட்டாய் என்று யாரும் கையைப் பிடிக்க முடியாது. மிஷினுக்கோ இனிமேல் பட ஒரு தீட்டும் பாக்கி இல்லை.

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் மாட்டைப் பார்க்க வந்தார். "ஏங்க, வண்டிப் பெட்டியில இருக்குற ஸ்பானரையும் திருப்புளியையும் கொண்டாங்க" என்றேன்.

"அப்பா பாத்தா?"

"பாத்தா எங்கப்பா வண்டி இன்னும் சீக்கிரம் வரும், அவ்வளவுதானே. கொண்டாங்க."

கொண்டுவந்தார். நாலு எட்டுக்கு அப்பால் தரையில் வைத்துவிட்டு, பாம்பைக் கண்டவர் மாதிரி விலகி ஓடினார். கட்டின பெண்டாட்டி கையில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? அந்தக் கோபம் எனக்கு அவர் போய்ச் சேருகிற வரைக்கும் இருந்தது.

முதலில் முன்னால் இருந்த திருகாணியைக் கழற்றி, அரைக்கிற தட்டுகளை வெளியே எடுத்தேன். பல் இடுக்கில் மாவு அப்பியிருந்தது, அவ்வளவுதான். ஒன்றும் உடையவில்லை. தட்டுகள் இல்லாமலே கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன். அப்போதும் அசையவில்லை. ஆகப் பழுது தட்டில் இல்லை. புனலைக் கழற்றி உள்ளே கை விட்டேன். சிக்கிய கல்லோ ஆணியோ இல்லை. மிச்சம் இருப்பது தண்டும் அந்தக் கழுத்தும்தான். வண்டி அச்சின் சத்தம் ஞாபகத்துக்கு வந்தது. தண்டு காய்ந்து கிடக்கிறது. ஆனால் வாரா வாரம் எண்ணெய் விட்டேனே, அதெல்லாம் எங்கே போனது?

கொண்டையிலிருந்து ஊசியை உருவி அந்தப் பொட்டைச் சுரண்டினேன். மஞ்சள், சிவப்பு, மஞ்சள், சிவப்பு என்று அடுக்கடுக்காக வந்தது. சுரண்டச் சுரண்ட ஊசி பாதிக்குமேல் உள்ளே இறங்கியது. கழுத்தின் உச்சியில் ஒரு துளை! எண்ணெய் விடுவதற்கென்றே வைத்த துளை. வந்து இறங்கிய அன்றே அதற்குப் பொட்டு வைத்து அடைத்துவிட்டார் மனுஷர். நான் விட்ட எண்ணெயில் ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கத்த வேண்டும்போல இருந்தது.

கொட்டகையில் எனக்கென்று ஒரு சிம்னி விளக்கு கொடுத்திருந்தார்கள். சீமெண்ணெய் கிடைக்காத காலம், அதனால் பாதிதான் ஊற்றியிருந்தார்கள். அதை அப்படியே துளையில் ஊற்றி ஊற விட்டேன். அன்று இருட்டில் படுத்தேன். மறுநாள் ஒரு விறகுத் துண்டால் தண்டின் நுனியைத் தட்டிக்கொண்டே இருந்தேன். வெயில் ஏறும்போது சட்டென்று விட்டுக்கொடுத்தது. உருவிப் பார்த்தால் தண்டைச் சுற்றித் துருவும் சந்தனமும் சேர்ந்து காரை பூசினாற்போல இறுகியிருந்தது. சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தேன். இரும்பு பளிச்சென்று தெரிகிறவரைக்கும் தேய்த்தேன்.

மத்தியானம் மாமியார் சோறு கொண்டுவந்தார். தட்டைத் தூரத்தில் வைத்தவர், சாக்கின்மேல் பிரித்துப் பரப்பியிருந்த மிஷினைப் பார்த்தார். பக்கத்தில் வாழைமட்டையில் குவித்து வைத்திருந்த சந்தனக் கட்டியையும் பார்த்தார். அப்படியே திரும்பி நடந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சி இருந்தது. அதில் விளக்கெண்ணெய்.

மூன்றாம் நாள் எண்ணெய் தடவி எல்லாவற்றையும் மாட்டினேன். கோழிக்குப் போடும் சோளம் கொஞ்சம் கிடந்தது. அதை அரைத்துத் துருவையும் சீமெண்ணெய் வாசத்தையும் போக்கினேன். கைப்பிடி ஒரு விரலுக்குச் சுற்றியது.

நான்காம் நாள் தலைமுழுகி வந்தபோது என் அப்பாவின் வண்டி வாசலில் நின்றது. அப்பா தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றார். சொந்தக் காடும் கிணறும் உள்ள மனிதர். மாமனார் கட்டிலில் உட்கார்ந்தபடி, "ஓட்ட மிஷினக் குடுத்து ஏமாத்திட்டீங்களே சம்மந்தி" என்றார். அப்பா, "தப்புதாங்க" என்றார். எது தப்பு?

"மிஷின வண்டியில ஏத்துங்கடா" என்றார் மாமனார்.

ஆட்கள் அதைக் கொட்டகையிலிருந்து முற்றத்துக்குத் தூக்கி வந்தார்கள். மாமியார் அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து, "ஒரு தடவ சுத்திப் பாத்துட்டு ஏத்துங்களேன்" என்றார். சொல்லிக்கொண்டே அரிசியைக் கொட்டிக் கைப்பிடியைச் சுற்றினார். மாவு பொலபொலவென்று விழுந்தது.

மாமனார் எழுந்து கைகூப்பினார். "ஆத்தா கண்ணத் தொறந்துட்டா! சிறுவாச்சூர் ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!" என்றார். அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வண்டி மாட்டை அவிழ்த்துக் கட்டச் சொன்னார்கள். அன்றே மாவு பிசைந்து முறுக்குப் பிழிந்தோம். சம்மந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டு, தான் வேண்டிக்கொண்டதையும் அம்மன் இறங்கி வந்ததையும் மாமனார் விவரமாகச் சொன்னார். அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். எவ்வளவோ பொறுத்தேன்.

"அந்தச் சந்தனக் கிண்ணத்தக் கொண்டா" என்றார் மாமனார். கொண்டுவந்தார்கள். வாயில் முறுக்கை மென்றபடியே ஒரு விரல் நிறையச் சந்தனத்தை எடுத்து மிஷினின் கழுத்தை நோக்கிக் குனிந்தார்.

நான் கதவைத் தாண்டி வெளியே வந்தேன்.

"மாமா, அங்க வைக்காதீங்க."

அவரோடு நான் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். வீடே திரும்பிப் பார்த்தது.

"அது நெத்தி இல்லீங்க. எண்ணெ வுடுற ஓட்டை. நீங்க வச்ச பொட்டு அடச்சுத்தான் மிஷினு நின்னுச்சு. அத்தையக் கேளுங்க, சொரண்டுன சந்தனம் கொட்டாயில இருக்கு. கழட்டி மாட்டுனது ஆத்தா இல்ல, நான். இந்த மூணு நாளும் தூரமா ஒக்காந்துகிட்டு, இந்தக் கையாலதான் கழட்டி மாட்டுனேன்."

மாமனாரின் தாடை பாதியில் நின்றது. வாய்க்குள் அந்த மிஷினில் அரைத்த முறுக்கு. துப்பினால் சம்மந்தி முன்னால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட மாதிரி. விழுங்கினால் அவர் சொன்ன தீட்டையே விழுங்கின மாதிரி. என் அப்பா பயந்துபோய் எழுந்து நின்றார். என் வீட்டுக்காரர் வழக்கம்போலக் கீழே பார்த்தார்.

மாமியார் அடுப்படியிலிருந்து தாம்பாளத்தோடு வந்தார்.

"முறுக்கு நல்லா வந்துருக்குதுங்களா? இன்னும் ரெண்டு வைக்கட்டா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவர் தட்டில் இரண்டு வைத்தார்.

மாமனார் விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். விரலில் சந்தனம் அப்படியே இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மிஷினைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், கடைசியில் தன் நெற்றியிலேயே இட்டுக்கொண்டார்.