வக்கடையில் குந்தியிருந்த வீரன்

ஹார்ட்கோர் என்ற சொல்லின் மணம் எனக்குத் தெரியும். மட்டக்களப்பு நகரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கேம் கடையில் ஐந்து மாதம் கூட்டித் துடைத்திருக்கிறேன். தங்களை ஹார்ட்கோர் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் காலையில் வந்து உட்கார்ந்தால் பின்னேரம்வரை எழும்பமாட்டார்கள். கக்கூசுக்குப் போனால் ஆட்டம் கெட்டுவிடுமாம், அதனால் மேசைக்குக் கீழே சோடாப் போத்தல் வைத்திருப்பார்கள். அந்தப் போத்தல்களை வெளியே கொண்டுபோய் ஊற்றுவது என் வேலை. நான் ஊற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளே அவர்கள் ஒருவரையொருவர் தளபதி, வீரன் என்று கூப்பிடுவது கேட்கும்.

நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாகரையில் எங்கள் வீட்டைக் கடல் கொண்டுபோனது. பிறகு முகாம், பிறகு இன்னொரு முகாம். செங்கல் சூளையில் நின்றேன், இறால் பண்ணையில் நின்றேன், கத்தாரில் இரண்டு வருடம் கம்பி கட்டினேன். இடையிடையே வயல் வேலைக்கும் போனேன், ஆனால் எந்த வயலிலும் விதைத்ததை வெட்டி முடிக்கும்வரை நான் நின்றதில்லை. கேம் கடையை விட்டு வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம் நிலச் சொந்தக்காரரான ஒரு போடியாரிடம் வயற்காரனாகச் சேர்ந்தபோது, இந்த முறை வெட்டும்வரை நிற்பது என்று முடிவெடுத்திருந்தேன். காரணம் உண்டு. போடியார் தன் வயலின் கடைசி இரண்டு வரவைகளை எனக்கு விட்டிருந்தார். வரம்பு கட்டிய சின்னத் துண்டுகள்தான். ஆனால் அவற்றில் விளைகிற நெல் எனக்கு. முதன்முதலாக நான் விதைத்த ஒன்றை நானே சாப்பிடப் போகிறேன் என்ற எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது.

போடியாருக்கு ஒரு மகன். இருபத்துநாலு வயது, வேலை கிடையாது. மத்தியானமானால் வயலுக்கு வந்துவிடுவான். வாய்க்கால் வரம்பில், வயலுக்குத் தண்ணீர் விட வெட்டித் திறந்து மறுபடி அடைக்கிற எங்கள் வக்கடைக்கு நேர் மேலே, மண் கொஞ்சம் உயர்ந்திருக்கும். அந்த வட்டையில், வயல்வெளி முழுவதிலும், போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் இடம் அதுதான். அங்கே சாக்கு விரித்துக் குந்திக்கொள்வான். விரல்களுக்குத் துணி உறை, காதில் பெரிய ஹெட்செட், போனின் முதுகில் சூடு தணிக்க ஒரு குட்டி விசிறி. நெல்லுக்கு மருந்து அடிக்கும்போது முகத்தில் கட்ட எனக்கு ஒரு கந்தைத் துணிகூட அந்த வீட்டில் தந்ததில்லை. அவனுடைய போனுக்கு விசிறி இருந்தது.

போடியாருக்கோ பெரிய சந்தோசம்.

"பாத்தியா, பொடியன் வரம்ப விட்டு இறங்கிறானே இல்ல. மண்ணில ஆசை வந்திட்டுது."

"ஓம் போடியார். நல்ல ஆசை" என்றேன்.

என்னிடமும் போன் இருந்தது. கண்ணாடி வெடித்த போன். அதில் ஒரே நிறப் பழங்களை மூன்று மூன்றாகச் சேர்க்கிற விளையாட்டு இருந்தது. வேலை ஓய்ந்த நேரம் விளையாடுவேன். அதைப் பார்த்தாலே அவனுக்குச் சிரிப்பு.

"என்ன அண்ணே, இன்னும் பழம் பொறுக்கிறீங்களா?"

"ஓம் தம்பி. இண்டைக்குத் தோடம்பழம் மலிவு."

"நீங்க கேஷுவல் அண்ணே. நேரம் போகட்டும் எண்டு விளையாடுற ஆக்கள். நாங்க ஹார்ட்கோர். எங்களுக்கு இது உசிரு."

"உசிரெண்டா ஏன் தம்பி நிமிசத்துக்கு ஒருக்காச் சாகிறீங்க?"

"உங்களுக்கு விளங்காது" என்று ஹெட்செட்டை மாட்டிக்கொண்டான்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அவனுடைய கட்டைவிரல்கள் கெட்டிக்கார விரல்கள். பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். அவ்வளவு வேகத்தில் நாற்றுப் பிடுங்கத் தெரிந்திருந்தால் தகப்பனுக்கு வயற்காரனே தேவைப்பட்டிருக்காது.

மழையில்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். எங்களுக்கு எட்டு நாளைக்கு ஒருமுறை, அரை நாள். தண்ணீர் வருகிற நேரம் ஆள் நின்று வரம்பை வெட்டி வக்கடையைத் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் தண்ணீர் எங்களைத் தாண்டிக் கீழ் வட்டைக்குப் போய்விடும். பிறகு யாரிடமும் முறையிட முடியாது. நெல் குடலைப் பருவத்தில் இருந்தது. கதிர் தண்டுக்குள் நிற்கிற நாட்களில் தண்ணீர் பிந்தினால் வெளியே வருவது பதர்தான்.

அந்த நாட்களில் வந்த ஒரு முறைக்கு முந்திய வாரம் மண்வெட்டி என் காலில் விழுந்திருந்தது. முறை நாளன்று ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து கட்ட வேண்டியிருந்தது. அவனிடம் சொன்னேன், இரண்டு தரம் சொன்னேன்.

"ஓம் அண்ணே, நான் திறக்கன். நீங்க போங்க."

நான் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தபோது வாய்க்காலின் இரண்டு கரையும் நனைந்திருந்தன. நடுவில் தண்ணீர் இல்லை. வக்கடை மூடியபடியே இருந்தது. அதன்மேல் அவன் இருந்தான்.

ஹெட்செட்டைப் பிடித்துக் கழற்றினேன். "தண்ணி எங்க தம்பி?"

"வந்தது அண்ணே."

"ஏன் திறக்கல்ல?"

"வக்கடைய வெட்டினா இந்த இடம் போயிருமே. மறுகா சிக்னலுக்கு எங்க போற? நடுவில எழும்பினா டீம் செத்துப்போகும். மூண்டு பேர் என்னை நம்பி நிக்கிறானுகள். அதில ஒருத்தன் நோர்வே."

"முடிஞ்ச பிறகாவது?"

"வெண்டமே! வெண்டா அடுத்தது ஆடத்தானே வேணும்."

முகம் தெரியாத நோர்வேக்காரனுக்குக் காட்டிய விசுவாசத்தில் ஒரு கைப்பிடி காலுக்குக் கீழேயிருந்த நெல்லுக்குக் கிடைக்கவில்லை. போடியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் மகனைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

"வேளாண்மை ஆர்ர பொறுப்பு? நீ எங்க போன?"

"காலுக்கு மருந்து கட்ட, போடியார்."

"கால் நாளைக்கும் இருக்கும். தண்ணி இருக்குமா?"

அடுத்த நாள் வட்டை விதானையைத் தேடிப் போனேன். தண்ணீர் முறையைப் பார்த்துக்கொள்கிற கிழவர் அவர். மதகடியில் மருதமரத்துக்குக் கீழே உட்கார்ந்து, வெளிநாட்டிலிருக்கிற மகளோடு போனில் லூடோ விளையாடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "பொறு மகள், ஆள் வந்திருக்கு" என்று போனைத் தொடையில் கவிழ்த்து வைத்தார். அவருடைய காய் வீட்டுக்குப் போக மூன்று கட்டம்தான் இருந்தது. அதைப் பாதியில் வைக்க அவருக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

"முறை போனாப் போனதுதான். இனி எட்டு நாள்" என்றார்.

"எட்டு நாளைக்குக் குடலை தாங்காது ஐயா."

என் காலைப் பார்த்தார். கட்டில் சேறு பட்டிருந்தது. "கீழ் வட்டைக்காரர் நாளைக்குப் பின்னேரம் மூடுவாங்க. மிச்சத் தண்ணி ஒரு மணித்தியாலம் வரும். அந்த நேரம் வக்கடையில நில்லு. நிக்கல்லயெண்டா மறுகா என்னட்ட வராத."

நான் திரும்பி நடக்கும்போது, "இனி உருட்டு மகள்" என்றது கேட்டது.

மறுநாள் பின்னேரம் தண்ணீர் வந்தது. முழங்கால் அளவு, வேகம் குறைவு. வக்கடையின்மேல் வழக்கம்போல அவன் குந்தியிருந்தான்.

"எழும்புங்க தம்பி. வெட்டப் போறன்."

"ரெண்டு நிமிசம் அண்ணே. பைனல்."

"தண்ணிக்கு அது தெரியாது. எழும்புங்க."

கையை மட்டும் ஆட்டினான், ஈயை விரட்டுகிறதுபோல. நான் மண்வெட்டியை ஓங்கி அவனுக்கு ஒரு முழம் தள்ளி வரம்பில் போட்டேன். மூன்றாவது வெட்டில் அந்த மேடு பிளந்து, சாக்கோடும் அவனோடும் வாய்க்காலுக்குள் சரிந்தது. இடுப்புவரை சேற்றுத் தண்ணீரில் இருந்தான். இரண்டு கையும் தலைக்கு மேலே. போன் நனையவில்லை. அண்ணாந்து பார்த்தபடி கட்டைவிரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. விசிறியும் சுற்றியது.

சரிந்த மண்ணும் குறுக்கே கிடந்த அவனுமாகச் சேர்ந்து வாய்க்காலைப் பாதி அடைத்துவிட்டார்கள். தண்ணீர் முட்டி, திரும்பி, முழு வேகத்தில் எங்கள் வயலுக்குள் பாய்ந்தது. அவன் பிறந்ததிலிருந்து செய்த ஒரே வேளாண்மை வேலை அது.

அந்த நேரம் பார்த்துப் போடியாரின் மோட்டார் சைக்கிள் வந்தது. இறங்கி ஓடி வந்தவர் வாயைப் பிளந்து நின்றார்.

"பாத்தியாடா! தண்ணிய மறிக்க என்ட பொடியன் உடம்பையே போட்டிருக்கான்! மனே, காணும், எழும்பு மனே!"

மகனுக்குக் கேட்கவில்லை. காதில் நோர்வேக்காரன் இருந்தான்.

நான் மண்வெட்டியை வரம்பில் குத்திவிட்டு வயலைப் பார்த்தேன். என் வரவைகள் இரண்டும் கடைசியில் இருந்தன. மேலே உள்ளவை குடித்து முடிந்த பிறகுதான் அங்கே தண்ணீர் எட்டும். பிறகு நெல் வெட்டும்போது ஒன்றில் பாதி பதராகிப் போயிருந்தது. மற்றது தேறியது. அந்த அரிசியைத்தான் இப்போது சமைத்துச் சாப்பிடுகிறேன்.

அன்றைக்கு வரம்பில் குந்தி, தண்ணீர் அங்கே போய்ச் சேரும்வரை பழம் பொறுக்கினேன். நல்ல ஆட்டம், இன்னும் இரண்டு தட்டினால் முடிந்திருக்கும். கடைசி வரவையில் தண்ணீர் மினுங்கியது. போனைப் பையில் போட்டுவிட்டு வக்கடையை அடைக்க எழும்பினேன்.