முதுகு காட்டிய நாயகி

மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் நான் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். படம் எடுக்கும் ஆசை இருந்ததே தவிர, சினிமாவில் எனக்கு யாரையும் தெரியாது. ஒருமுறை சென்னைக்குப் போய் நான்கு நாள் அலைந்ததில் எந்த ஆபீசிலும் வாட்ச்மேனைத் தாண்ட முடியவில்லை. அப்போது வீட்டுக்கு வீடு விசிடி பிளேயர் வந்திருந்தது. தியேட்டரே வேண்டாம், சிடியாகவே ஒரு படம் போட்டு விற்கலாம் என்று தோன்றியது. கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவர், முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு வர ஒத்துக்கொண்டார்.

நாயகன் உட்பட நடித்தவர்கள் எல்லோரும் எங்கள் கம்பெனி ஆட்கள்தான். நாயகியாக நடித்தவள் அங்கே டைலர். தெற்கே இருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்தவள். வசனத்தை ஒரு தடவை படித்துக் காட்டினால் போதும், அப்படியே சொல்லிவிடுவாள். ஆனால் சரக்கு கப்பலேறும் ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் எங்களுக்கு ஞாயிறும் வேலை. எங்களுக்கு லீவு கிடைத்தால் நண்பருக்கு முகூர்த்தம் இருக்கும். பத்து மாதத்தில் முக்கால் படம்தான் முடிந்தது. வாரம் முழுக்கத் துணியில் ஓட்டை தேடிய கண்ணோடு வெயிலில் நின்றால், எதை எடுக்க வந்தோம் என்பதே சில நேரம் மறந்துபோகும்.

ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அங்கேயே கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். அவள் பக்கத்து வீட்டு போனுக்கு அழைத்துப் பேசினேன்.

"அண்ணே, கோவிச்சுக்கிடாதீய. மாப்பிள்ளை வீட்டுல நடிப்பெல்லாம் வேண்டாங்காவ," என்றாள். பிறகு அவளே, "நான் செத்துட்டதா வச்சு முடிச்சிருங்க," என்றாள்.

சாக வைக்கவும் ஆள் வேண்டுமே. கடைசியில் என் மனைவியிடம் கேட்டேன். அவளும் இன்னொரு கம்பெனியில் பேக்கிங் வேலை முடித்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு நடிக்கவெல்லாம் வராதுங்க."

"நடிக்க வேண்டாம் புள்ள. அதே மாதிரி சேலையக் கட்டீட்டு, முதுகக் காட்டீட்டு நடந்தாப் போதும்."

"மூஞ்சி அவளுது, முதுகு மட்டும் என்னுதுங்களா?" சிரிக்காமல் கேட்டாள். "எனக்கு இருக்கறதே ஒரு ஞாயித்துக்கெழமைதானுங்க."

ஆனாலும் வந்தாள்.

சேவூர்ப் பக்கம் ஒரு சோளக்காட்டு வரப்பில், நாயகனை விட்டு அவள் ஒரேயடியாகப் போய்விடுகிற காட்சி; செத்தால் முகத்தைக் காட்ட வேண்டியிருக்கும் என்று முடிவை இப்படி மாற்றியிருந்தேன். ஏழு தடவை நடந்தாள். ஏழாவது தடவை வரப்பின் கோடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பதறிப்போய் ஓடினேன்.

"ஒண்ணுமில்லீங்க. காலு கடுக்குது," என்றாள்.

நண்பர் கேமராவை நிறுத்தியிருக்கவில்லை. நான் குறுக்கே ஓடியதை வெட்டிவிட்டு, அவள் உட்கார்ந்ததையே படத்தின் முடிவாக வைத்தோம். நான் யோசித்து எடுத்த எந்தக் காட்சியும் அந்த அளவுக்கு வரவில்லை.

சிடிக் கடைக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணுகூட இல்லீங்களே," என்றார். பத்து சிடி வாங்கி அடித்தட்டில் வைத்தார். கேபிள்காரர் மட்டும் ஒரு ஞாயிறு மதியம் ஒளிபரப்பினார். அன்றைக்கு எங்கள் கம்பெனியில் வேலை. படத்தில் நடித்த கம்பெனி ஆட்கள் யாரும் அதைப் பார்க்க முடியவில்லை. லீவில் வீட்டிலிருந்த என் மனைவி மட்டும் டிவி முன்னால் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் வந்ததும், "எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"நல்லாத்தானுங்க இருந்துச்சு. பாதியில கண்ணு அசந்துட்டேன்."

"நீ வர்றது?"

"பாக்கலீங்க."

அவள் மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. கை கால் கழுவிக்கொண்டு பக்கத்தில் படுத்துவிட்டேன். அடுத்த படம் எப்போது என்று நண்பர் இரண்டு மூன்று முறை கேட்டார். பிறகு அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.