பாய்மரம்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எலப்புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் மூட்டை தூக்குகிறேன். கூட வேலை செய்யும் ராசு, கடற்கொள்ளைக்காரர் கதைப் புத்தகம் ஒன்றைப் படிக்கக் கொடுத்தான். கடலையே பார்க்காத நான் இரண்டு மாதம் அதிலேயே கிடந்தேன். கதையில் புயலடித்துப் பாய்மரம் முறிந்தது. பாய் முடைய நார் தரும் மரம் போல என்று நினைத்து, அது கப்பலில் எதற்கு என்று ராசுவிடம் மட்டும் மெதுவாகக் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. காற்றைப் பிடிக்கத் துணி கட்டும் கம்பம் என்று பொறுமையாகச் சொன்னான். எவ்வளவு நல்லவன் என்று நினைத்தேன்.

மறுநாள் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் உரக்கக் கேட்டான்:

"ஏனுங்ணா, உங்கூட்டுப் பாய்மரத்துல இந்த வருசம் எத்தன பாய் காய்ச்சுதுங்க?"

"தலகாணி மரமும் இருக்குதுங்களா?" என்றான் இன்னொருவன்.

சோற்றை மூடிவிட்டு எழுந்தேன்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்தேன். ஆனால் நான் நிறுத்தியிருந்த இடத்தில், கப்பல் தலைவனை அவன் ஆட்களே தீவில் தனியாக விட்டுப் போயிருந்தார்கள். தப்பினானா என்று தெரியாமல் கொடுக்க மனம் வரவில்லை. படித்து முடித்தேன்; தப்பிவிட்டான். கொள்ளைக் கப்பல் முதலில் நட்புக்கொடி காட்டித்தான் பக்கத்தில் வரும் என்பதும் அந்தக் கதையில்தான் இருந்தது.

இன்றும் அப்படிப்பட்ட கதைகளைத் தேடிப் படிக்கிறேன். புரியாத சொல் வந்தால் அடியில் கோடு போட்டுவிட்டுப் போகிறேன். யாரிடமும் கேட்பதில்லை.

எழுதிய நாள்: கார்த்திகை ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை.