தாடி எடுத்த முகம்

முடிதிருத்துபவர் கண்ணாடி முன் நின்று தன் அடர்ந்த தாடியை மழித்துக்கொண்டிருந்தார். அவருடைய தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை தொடங்கியிருந்தது. தலை அசையாமலிருக்க, முகத்தை அச்செடுத்துச் செய்த பிளாஸ்டிக் முகமூடியை மாட்டி மேசையோடு பூட்டுவார்கள். முதல் நாளே அவருக்கு மூச்சு முட்டியது. தாடி போனால் கொஞ்சம் தளரும் என்று நினைத்தார்.

தளர்ந்துதான் போனது. அன்று ஆஸ்பத்திரியில் கதிர் பாய்ச்சுமுன் எடுத்த ஸ்கேனில் தாடை இடம் மாறியிருந்தது. டெக்னீஷியன் பெண் மெஷினை நிறுத்திவிட்டு வந்து முகமூடியைக் கழற்றினாள்.

"என்னண்ணே, மாப்பிள்ளை மாதிரி வந்திருக்கீங்க! இப்படி ஆடினா கதிர் கட்டியில படாம வேற எங்கயாவது படும். புது முகமூடி செய்யணும்."

"இதைவிட இறுக்கமாவா?"

"ஆமாண்ணே."

எழுந்து வெளியே வந்தார். வாசலை மறித்துக்கொண்டு மனைவி நின்றாள்.

"ஓடிடலாம்னு பாக்காதீங்க. உங்க நாற்காலியில உக்காந்தவன் எவனாவது பாதி ஷேவிங்கில எழுந்து போயிருக்கானா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னாலேயே வந்த டெக்னீஷியனிடம் திரும்பி, "கண்ணுக்கு மட்டுமாவது ஓட்டை போட்டுக் குடும்மா" என்று கெஞ்சினார். அவள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சம்மதித்தாள். அன்றே அச்செடுத்தார்கள்.

மறுநாள் காலை புது முகமூடியைப் பூட்டினார்கள். எச்சில் விழுங்குவதே பெரும்பாடாக இருந்தது. திறந்த கண்களால் கூரையை வெறித்தபடி, ஸ்கேன் பொருந்தி, கதிர் பாய்ந்து முடியும்வரை அசையாமல் கிடந்தார்.