இரண்டு அட்டைகள்

என் மேசையில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. மூடி துருப்பிடித்துவிட்டது. உள்ளே ஆட்களின் பெயர் எழுதிய அட்டைகள். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீசில் கிளாக்கராகச் சேர்ந்த புதிதில், என்னைவிடக் கெட்டிக்காரன் கிடையாது என்ற நினைப்பில் நான் எழுதியவை.

அந்த ஆபீசில் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஆளைத் தகப்பன் பெயரில்தான் தேட வேண்டும். பேர்ப்பதிவு, பிறப்புப் பதிவு, மருந்துப் புத்தகம் எல்லாவற்றுக்கும் அதே முறை. பெரிய கிளாக்கர் வைத்த ஒழுங்கு அது. எனக்கோ சுத்தக் கர்நாடகமாகப் பட்டது. வேலையாட்களுக்கு மட்டும் அவரவர் சொந்தப் பெயரில் அட்டை போட்டேன். அவர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாத்துறதுன்னா எல்லாத்தயும் மாத்துங்க தம்பி. இல்லாட்டி கை பழகின பக்கமே போகும்" என்றார். மனுஷருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் பதுளை ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மாதம் அது. இந்தியாவுக்குப் போக உத்தரவு வந்த குடும்பத்துத் தாய் ஒருத்தி, மகளின் பிறப்புப் பதிவைக் கேட்டு வந்தாள். அது இல்லாமல் பிள்ளையைப் பாஸ்போர்ட்டில் சேர்க்க மாட்டார்களாம். பிறப்புப் புத்தகத்தை எடுத்தேன். அட்டையில் பழகிய கை, பிள்ளையின் பெயரெழுத்துக்கே போனது. இரண்டு தடவை பார்த்தேன். இல்லை என்றேன். "நல்லாப் பாருங்கய்யா, இந்தத் தோட்டத்து லய வீட்டுலதான் பெத்தேன்" என்றாள். புத்தகத்தை மூடிவிட்டேன், பாவி.

கப்பல் தேதியை விட்டால் மறுபடி கிடைக்குமோ என்ற பயத்தில், பன்னிரண்டு வயதுப் பெண்ணைச் சித்தியிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அப்புத்தளை ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது, தாய் கொழுந்தெடுக்கப் போகையில் போர்த்தும் கம்பளியை ஜன்னல் வழியாக மகளிடம் போட்டாள். நானும் அங்கேதான் நின்றேன்.

பெரிய கிளாக்கர் திரும்பி வந்து தகப்பன் பெயரில் திறந்தார். ஒரு நிமிஷத்தில் கிடைத்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பிள்ளையையும் அனுப்பச் சொல்லி கண்டி, கொழும்பு ஆபீசுகளுக்கு எழுதி எழுதிப் பார்த்தார். அதற்குள் கப்பலே நின்றுபோனது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "புத்தகம் என் பொறுப்பு. தப்பு என்னோடதும்மா" என்றார். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. அதன்பிறகு அவர் சாகும்வரை அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் போனபின் இந்த டின்னில் அவளுக்கு இரண்டு அட்டைகள் போட்டேன். அவள் பெயரில் ஒன்று, தகப்பன் பெயரில் ஒன்று. இனி எந்தப் பக்கம் தேடினாலும் கிடைப்பாள். இன்றைக்கும் பஸ்ஸில் என்னைக் கண்டால் எழுந்து இடம் கொடுக்கிறாள். "நீங்க ரெண்டு தடவ பாத்தீங்களாம், அம்மா சொல்லுச்சு" என்கிறாள். நான் உட்கார்ந்துகொள்கிறேன்.